கடை ஒயின் வைக்காத வீடு

முர்மன் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். அடுத்த நொடி பால்கனிக் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி, குடித்ததை எட்டாவது மாடியிலிருந்து அப்படியே கீழே துப்பினார்.

“என்ன ஆச்சு?” என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் அவர் மனைவி லமாரா.

“ஒண்ணுமில்ல. ஈ விழுந்து கிடந்துச்சு.”

முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் இதையெல்லாம் நம்புவாளா? கையில் ஒட்டிய மாவோடு வந்தாள். இருபது லிட்டர் பிளாஸ்டிக் கேனின் மூடியில் தேங்கியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“ஈ இல்ல மனுஷா, இது வினிகர். ஊறுகாய் போடலாம். இந்தக் கட்டடத்துக்கே போடலாம்.”

“கத்தாத. ஜெமால் காதுல விழுந்துடப் போவுது.”

ஜெமால் பக்கத்து வீட்டுக்காரர். டிராலி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் காதில் ஒரு சேதி விழுந்தால், லிஃப்ட் கீழே போய் மேலே வருவதற்குள் கிள்தானிப் பகுதி முழுக்கத் தெரிந்துவிடும்.

காலை மணி ஒன்பது. சாயங்காலம் நாலு மணிக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். மகள் நுத்சாவைக் கட்டிக்கொள்ளப் போகும் லாஷா, அவனுடைய அப்பா வார்லாம், அம்மா குலிகோ. திபிலிசியில் விருந்து என்றால் ஒயின். அதுவும் சொந்த ஊரில், சொந்தத் தோட்டத்தில் பறித்து, மண்ணுக்குள் புதைத்த சொந்தத் தாழியில் ஊறிய ஒயின். கறி குறைந்தால் மன்னிப்பார்கள். ஒயின் குறைந்தால் பேரன் காலம்வரை சொல்லிக் காட்டுவார்கள்.

இது போதாதென்று முர்மன் தன் வாயாலேயே ஒரு குழி வெட்டி வைத்திருந்தார். போன மாதம் வார்லாம் வீட்டு விருந்தில் நடந்தது அது. வார்லாம் மண்குடத்திலிருந்து ஊற்றி, “எங்க வானி கிராமத்துத் தாழியிலருந்து எடுத்தது. எங்கப்பா வெச்ச கொடி” என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார். முர்மன் நாலு கிளாஸ் குடித்தார். நாக்கு சொக்கிப் போனது. அதை ஒப்புக்கொள்ள வாய் வருமா?

“பரவாயில்ல சம்பந்தி. எங்க ஊர் கர்தனாகி ஒயின்ல பாதிக்குப் பாதி தண்ணி கலந்த மாதிரி இருக்கு” என்றார்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. கிளாஸைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“ஒண்ணே ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க. கடையில வாங்கின ஒயினை மேஜையில வைக்கிற வீட்டோட எனக்குச் சம்பந்தம் கிடையாது!”

வார்லாம் மேஜையே அதிரும்படி தட்டினார். “எனக்கும் கிடையாது!”

இருவரும் கை குலுக்கி, கட்டிப் பிடித்து, மாறி மாறிக் கன்னத்தில் முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். லமாராவும் குலிகோவும் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒயின் எப்படிப் புளித்தது? தாழியின் மூடியைத் திறந்தால் மளமளவென்று சின்னப் பாத்திரங்களுக்கு மாற்றிவிட வேண்டும். காற்று பட்டால் போச்சு. கர்தனாகியில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. ஆனால் முர்மன் நிச்சயதார்த்தப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து வாரம் தவறாமல் ஊருக்குப் போய், மூடியைத் திறந்து, தெருவில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு, “ஒரு வாய் குடிச்சுப் பாருடா, சம்பந்திக்கு வெச்சிருக்கேன்” என்று பெருமை பேசினார். நுணலும் தன் வாயால் கெடும். முர்மனின் ஒயின் முர்மனின் வாயால் கெட்டது.

“பேசாம உண்மையச் சொல்லிடு” என்றாள் லமாரா. “ஒயின்னா ஒரு வருஷம் புளிக்கத்தான் செய்யும். இது என்ன கொலைக்குத்தமா?”

“சொல்ல மாட்டேன். என் தலை போனாலும் சொல்ல மாட்டேன்.”

“அப்பா,” என்று வந்து நின்றாள் நுத்சா. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண். குரலை உயர்த்த மாட்டாள். உயர்த்தாமலே குத்துவாள். “உங்க வீராப்பு உங்களோட. என் கல்யாணம் என்னோட. ரெண்டையும் ஒரே கேன்ல ஊத்தாதீங்க.”

“உன் கல்யாணம் நடக்கும். ஒயினும் இருக்கும். நான் சுரங்க ரயில் நிலையத்துல எத்தனை நகரும் படிக்கட்டை ரிப்பேர் பண்ணியிருக்கேன்? இந்தக் கேனை ரிப்பேர் பண்ண மாட்டேனா?”

புளிப்புக்கு மாற்று சோடா உப்பு என்று அவருக்கு எங்கேயோ படித்த ஞாபகம். லமாரா அந்தப் பக்கம் திரும்பியதும், அப்பத்துக்கு வைத்திருந்த சமையல் சோடாவை முழுப் பொட்டலமாகக் கேனுக்குள் கொட்டினார். காற்று படக் கூடாது என்று மூடியை இறுக்கித் திருகினார். நன்றாகக் கலக்கட்டும் என்று கேனைக் கட்டிப்பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்கினார்.

மூடி எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நுரை கூரையைத் தொட்டது. பிறகு பால்கனி வழியாக இறங்கி, ஏழாவது மாடியில் காய்ந்துகொண்டிருந்த நாலு வெள்ளைப் படுக்கை விரிப்புகளையும் மஞ்சளாக்கிவிட்டு, ஆறாவது மாடிப் பூனை மேல் சொட்டியது.

இப்போது புளித்த ஒயினும் இல்லை. ஏழாவது மாடிக்காரியின் கத்தலுக்கு நடுவே, தலையிலிருந்து நுரை வழிய நின்ற முர்மன், “சரி. கடைக்குப் போறேன்” என்றார்.

“எந்தக் கடைக்கு?” என்றாள் லமாரா. “கடை ஒயின் வைக்கிற வீட்டோட…”

“வாங்குவேன். கேன்ல ஊத்துவேன். எங்க ஊர் ஒயின்னு சொல்லுவேன். எவன் கண்டுபிடிக்கிறான்னு பார்க்கிறேன்!”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் இந்தத் திட்டம் முதல் பாட்டிலிலேயே பல்லிளித்தது. முனையிலிருந்த சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒன்றை வாங்கிவந்து திறந்ததும் நுத்சா மோந்து பார்த்தாள்.

“அப்பா, இது கடை ஒயின்னு வாசல்லருந்தே கத்துது. வடிகட்டி வடிகட்டி உயிரே இல்ல. வார்லாம் மாமா மூக்குக்கு இது தப்புமா? நகரத்துக்குள்ள சின்னச் சின்னத் தனிக் கடைங்க இருக்காம். கிராமத்துக் குடும்பங்க தாழியில செஞ்சதை வாங்கி விக்கிறாங்களாம். சொலொலாக்கி பக்கம் போய்த் தேடுங்க.”

முர்மன் காலிக் கேனைக் கழுவி, முதுகில் கட்டிக்கொண்டு ரயில் ஏறினார். கேனோடு ஒயின் கடைக்குப் போவது கர்தனாகிக்காரனுக்கு எத்தனை பெரிய அவமானம் என்பதை, அந்த ஊரில் பிறந்தவனுக்குத்தான் விளக்க முடியும். பெட்டியில் எல்லோரும் கேனையே பார்ப்பதுபோல் இருந்தது. “மண்ணெண்ணெய்க்கு” என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

முதல் கடை கண்ணைப் பறித்தது. வாசலில், ஒயின் ஊற்றிக் குடிக்கிற மாட்டுக் கொம்பு ஒன்று ஆளுயரத்துக்கு. உள்ளே ஒயின் சோப்பு, ஒயின் ஐஸ்கிரீம், ஒயின் போட்ட சாக்லேட். சிரித்த முகத்தோடு வந்த பெண் ஆங்கிலத்தில் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று கேட்டாள்.

“கிள்தானியிலருந்து!” என்றார் முர்மன்.

“ஓ, மன்னிச்சுக்குங்க. ருசி பாக்குறீங்களா?” மருந்துக்குப்பி அளவில் ஒரு கிளாஸை நீட்டினாள்.

“ஏம்மா, இது குடிக்கவா, கண்ணுல விட்டுக்கவா?”

“எட்டு வகை ருசி பாத்தா ஒரு கொம்பு இலவசம் சார்.”

“கொம்பு என் தலையில ஏற்கெனவே முளைச்சாச்சு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

இரண்டாவது கடையில் தாடி வைத்த இளைஞன் ஒருவன். சுவரெல்லாம் பூனைப் படம் போட்ட பாட்டில்கள். அவன் ஒரு கிளாஸை முக்கால் மணி நேரம் சுழற்றுவதுபோல் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டான்.

“இதுல மழையில நனைஞ்ச கல்லு வாசம் வருதுங்க. இந்தப் பாட்டில்ல பழைய குதிரைச் சேணம். இது கொஞ்சம் கோவில் மெழுகுவத்தி.”

“தம்பி, ஒயின் வாசம் எதுல வருது?”

தாடிக்காரன் யோசித்தான். நல்ல பிள்ளை, கோபப்படவில்லை. “உங்களுக்கு என்ன வேணும்னு புரியுதுங்க. நேராப் போய் அந்தச் சாய்ஞ்ச பால்கனி வீட்டுக்குக் கீழ, நிலவறையில ஜுஜூனா அக்கா கடை. போர்டு கிடையாது. இந்த ஊர்லயே நல்ல ஒயின் அங்கதான். ஆனா…”

“ஆனா?”

“அவங்க உங்களுக்கு விக்கணுமே.”

பதினோரு படிகள் இறங்கி முர்மன் குனிந்து உள்ளே போனார். குளிர்ச்சியாக இருந்தது. சுவரோரம் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் கையெழுத்தில் ஒரு பெயரும் ஒரு கிராமமும் மட்டும். பின்னால் இடுப்புயரக் கண்ணாடிக் குடுவைகள். நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“யாருக்கு? என்ன சாப்பாடு? எத்தனை பேரு?” என்றாள்.

“இருபது லிட்டர் வேணும்” என்று முர்மன் கேனை முன்னால் வைத்தார். “இதுல.”

ஜுஜூனா ரொட்டியைக் கீழே வைத்தாள். கேனைப் பார்த்தாள். முர்மனைப் பார்த்தாள்.

“கேன்ல எதுக்கு?”

“தூக்க வசதி.”

“தூக்கவா, மறைக்கவா? இந்த மாதிரி கேனோட மாசத்துக்கு நாலு ஆம்பளைங்க வர்றாங்கய்யா. சொந்த ஒயினைக் கெடுத்துட்டு, இன்னொருத்தன் வேர்வையைத் தன் பேர்ல ஊத்தப் பாக்குற ஆம்பளைங்க. என் கடையில செஞ்சவன் பேரு இல்லாம ஒரு சொட்டு வெளிய போகாது. படி அந்தப் பக்கம்.”

முர்மனுக்குக் காது சிவந்தது. அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்பதால் இன்னும் அதிகமாகச் சிவந்தது. திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் மணி பன்னிரண்டு. போதாததற்கு, அவள் குரலில் ‘ஆம்பளைங்க’ என்ற சொல் விழுந்த விதம் அவரைச் சுருக்கென்று தைத்தது.

“என்னைப் பாத்தா அப்படித் தெரியுதா? என் தாழி ஒயினைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? இது விருந்துக்கு இல்ல… சாவுக்கு!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர் காதிலேயே விழுந்தது.

ஜுஜூனா எழுந்து நின்றாள். முகமே மாறிவிட்டது. “ஐயோ, மன்னிச்சுக்கய்யா. முன்னாடியே சொல்லக் கூடாதா? சாவு வீடுன்னா பேச்சே வேற. அங்க யாரு பேரு பாக்குறா? யாரு போனது?”

யார் போனது? முர்மன் பாட்டில்களில் இருந்த பெயர்களைக் கண்ணால் துழாவினார். அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தார்.

“ஜெமால்” என்றார்.

“சொந்தமா?”

“பக்கத்து வீடு. கூடப்பிறந்த மாதிரி.” கைபேசி விடாமல் அடித்தது. ஜுஜூனா பரிவோடு, “எடுங்க, சாவு வீட்டுலருந்து இருக்கும்” என்றாள். எடுத்தார்.

“டேய் முர்மன்!” என்று காலமானவர் கத்தினார். “நாற்காலி எத்தனைடா வேணும்? என்கிட்ட ஆறுதான் இருக்கு!”

“ஆறும் அனுப்புங்க” என்றார் முர்மன், நெஞ்சு அடைத்த குரலில். “போதலேன்னா பாத்துக்கலாம்.”

“ஏன்டா அழற? பொண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பனுக்கு இதெல்லாம் சகஜம்டா. சாயங்காலம் நான்தான் விருந்துத் தலைவன், ஞாபகம் இருக்குல்ல? வாழ்த்துரை இருபத்தாறு எழுதி வெச்சிருக்கேன்!”

முர்மன் அவசரமாக அணைத்தார். ஜுஜூனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூலையிலிருந்த பெரிய குடுவையின் துணியை விலக்கினாள். “இதை நான் சாவு வீட்டுக்கு மட்டும்தான் குடுக்கிறது. லாபம் வெக்கிறதில்ல. ஒரு வாய் பாருங்க.”

முர்மன் பார்த்தார். தேன் நிறம். நாக்கில் பட்டதும் வாதுமை, காய்ந்த ஆப்பிள், அடியில் ஒரு துவர்ப்பு. அவருக்குக் கண்ணில் நீர் கோத்தது. இது உண்மையான நீர்.

“இதுதான். இது எங்க கர்தனாகி மண்ணேதான்” என்றார். “கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்லுவேன்.”

அது வேறு ஊர் ஒயின் என்று சொல்ல ஜுஜூனா வாயெடுத்தாள். துக்கத்தில் இருப்பவனிடம் எதற்கு என்று விட்டுவிட்டாள். கேனை நிரப்பி, “இதை முதுகுல சுமந்துட்டா போவீங்க? இருங்க” என்று தெரிந்த டாக்ஸிக்காரனுக்குப் போன் போட்டாள். “முகவரி சொல்லுங்க.”

டாக்ஸிக்காரனிடம் பொய் முகவரி சொன்னால் ஒயின் பொய் வீட்டுக்குப் போய்விடுமே. முர்மன் உண்மையைச் சொன்னார். அந்த நாளில் அவர் சொன்ன முதல் உண்மை. அதுதான் அவரைக் குப்புறத் தள்ளியது.

நாலு மணிக்குச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். குலிகோ ஐந்து ரோஜாப் பூவை நுத்சா கையில் கொடுத்தாள். ஆள் வாட்டசாட்டமானவள். அவள் உட்கார்ந்ததும் ஜெமாலின் நாற்காலிகளில் ஒன்று முனகியது. வார்லாம் அவள் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்தார். மேஜையில் இடம் இல்லாமல் தட்டின் மேல் தட்டு. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான கச்சாபுரி, அக்ரூட் மசாலாவில் கோழி, கத்தரிக்காய், வறுத்த பன்றிக்கறி. நடுவில், கர்தனாகியிலிருந்து வந்த கேன்.

ஜெமால் முதல் வாழ்த்தைக் கடவுளுக்கும் சமாதானத்துக்கும் சொன்னார். எல்லோரும் குடித்தார்கள். முர்மன் குடிக்காமல் வார்லாமின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வார்லாம் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாதிரி நிறம் மாறியது.

“என்ன சம்பந்தி, எப்படி?” என்றார் முர்மன்.

“ம்… நல்லாருக்கு. இது… உங்க தாழியா?”

“பின்ன? எங்கப்பா, எங்க தாத்தா, எல்லாரும் உயிரை விட்ட தாழி.”

“ஓ” என்றார் வார்லாம். போன மாதம் நெஞ்சைத் தட்டிய மனுஷன் தலையைக் குனிந்து கத்தரிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டுபிடித்துவிட்டான் என்று முர்மனுக்கு உறுதியாகிவிட்டது. மேஜைக்கடியில் லமாரா அவர் காலை மிதித்தாள். “உண்மையச் சொல்லு” என்று அர்த்தம். முர்மன் அவள் காலைத் திருப்பி மிதித்தார். “முடியாது” என்று அர்த்தம்.

மூன்றாவது வாழ்த்து, மறைந்தவர்களுக்கு. எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஜெமால் குரல் தழுதழுக்கத் தொடங்கினார். “நம்மள விட்டுப் போனவங்க எங்கயும் போகல. இதோ, இந்த மேஜையில நம்மளோட நிக்கிறாங்க…”

அழைப்பு மணி அடித்தது. நுத்சா போய்த் திறந்தாள்.

தலையிலிருந்து கால்வரை கறுப்பில், ஆறு வெள்ளைப் பூக்களோடு ஜுஜூனா உள்ளே வந்தாள். எல்லோரும் கிளாஸோடு தலைகுனிந்து நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கும் துக்கம் முட்டியது. சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோம் என்று, நேராக ஜெமாலிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்லாமின் முள்கரண்டி கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் மேஜைக்கடியில் குனிந்தார்.

“நீங்க அவரோட அண்ணனா? மனசைத் தேத்திக்குங்க. ரொம்ப நல்ல மனுஷராமே.”

“யாரு?” என்றார் ஜெமால்.

“ஜெமால்தான். பாவம், காலமானவரு.”

“இந்தக் கட்டடத்துல ஒரே ஒரு ஜெமால்தாம்மா” என்றார் ஜெமால். “அது நான்தான்.”

“ஆறு பூ!” என்று எண்ணிவிட்டுக் கத்தினாள் குலிகோ. “நிச்சயம் பேசுற வீட்டுக்கு, சாவு வீட்டுக்குக் கொண்டுபோற மாதிரி இரட்டைப்படையில பூவா! லாஷா, கோட்டை எடுடா!”

“என்னை எவன்டா சாகடிச்சது?” என்று ஜெமால் கிளாஸை மேஜையில் வைத்தார். “இருபத்தாறு வாழ்த்துல நான் மூணாவதுதான்டா சொல்லிட்டிருக்கேன்!”

ஜுஜூனா மெல்லத் திரும்பினாள். கேனைப் பார்த்தாள். மேஜையிலிருந்த ரோஜாவைப் பார்த்தாள். நுத்சாவின் புது உடையைப் பார்த்தாள். கடைசியாக முர்மனைப் பார்த்தாள்.

“சாவு, ம்?” என்றாள்.

இதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை. முர்மனின் காலை லமாரா மிதிக்கவில்லை. அவளே பாவம் பார்த்துவிட்டாள். நுத்சா மட்டும் அவரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு நடுங்கியது. குரலே உயர்த்தாத பெண் அழுதுவிடுவாளோ என்று தோன்றியபோது முர்மனுக்குள் ஏதோ அறுந்தது. காலையிலிருந்து வினிகருக்கும், சோடாவுக்கும், மாட்டுக் கொம்புக்கும், பூனைப் படத்துக்கும் தலை வணங்காத மனுஷன், மேஜை நடுவிலிருந்த கேனைத் தூக்கி மறுபடி டொம்மென்று வைத்தார்.

“ஆமா! கடையில வாங்கினேன்! என் ஒயின் புளிச்சுப் போச்சு. நான் பெருமையடிச்சுப் புளிக்க வெச்சேன். இந்தம்மா நல்லவங்க. உண்மையச் சொன்னா குடுக்க மாட்டாங்கன்னு ஜெமாலைச் சாகடிச்சேன். ஜெமால், மன்னிச்சுக்க, வாயில வந்தது உன் பேருதான். சம்பந்தி, கைகுலுக்கிச் சத்தியம் பண்ணினவன் நான். சத்தியத்தை உடைச்சவனும் நான். இதுல என் பொண்ணு தப்பு ஒரு சொட்டு கிடையாது! கடை ஒயின் வெச்ச வீடு வேணாம்னா, எழுந்து போங்க. நான் கெஞ்ச மாட்டேன். ஆனா போறதுக்கு முன்னாடி ஆம்பளையா என் முகத்தைப் பாத்து ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. இது நல்ல ஒயினா, இல்லையா? குனிஞ்சு என்ன தேடுறீங்க? எழுந்திருங்க சம்பந்தி! முள்கரண்டிதானே, வேற தர்றோம்!”

குலிகோ புருஷனின் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்தாள். “எந்திரிச்சுப் பதில் சொல்லுங்க. நம்ம மானம் போவுது.”

மேஜை விரிப்புக்கு அடியிலிருந்து வார்லாமின் வழுக்கைத் தலை மெல்ல மேலே வந்தது. ஜுஜூனா அதைக் குனிந்து உற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் மறைந்து பரிவு வந்தது.

“அட, நம்ம வார்லாம் ஐயா! போன மாசம் உங்க பெண்டாட்டி குலிகோ தவறிட்டாங்கன்னு அழுதுகிட்டே வந்து, இதே குடுவையிலருந்துதானே இருபது லிட்டர் வாங்கிட்டுப் போனீங்க? அடக்கம் வானியில, ரொம்பத் தூரம்னு நீங்க சொன்னதால அவங்க முகத்தைக் கடைசியா ஒரு தடவை பாக்க முடியாம போச்சேன்னு எனக்கு இன்னும் மனசு ஆறலைய்யா!”